வீட்டுக்குள் காலைத் தூக்கும் நாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் 16 வருடமாக நாய்கள் இருக்கின்றன. வீடு கிடைக்காத நாய்களைச் சில வாரம் வைத்திருந்து தத்துக் கொடுக்கும் வேலையும் கூடவே நடக்கிறது. தத்து எடுத்துப் போனவர்களிடமிருந்து வரும் போன்களில் பாதி ஒரே விஷயம்தான்: "சோபா காலில் அடிச்சு வைக்குது, திரைச்சீலையில் அடிச்சு வைக்குது, என்ன பண்றது?" இதற்காகவே நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு நாய்கூடத் திரும்பி வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது அடையாளம் வைப்பதா, இல்லை சாதாரணமாக மூத்திரம் போவதா? எப்படித் தெரிந்துகொள்வது?

தன் வாசனையைப் பதிக்க நாய் ஒரு பொருளின் மேல் கொஞ்சமாக மூத்திரம் விடுவதைத்தான் அடையாளம் வைப்பது என்கிறோம். அளவையும் இடத்தையும் பாருங்கள். சிறுநீர்ப் பை நிரம்பிப் போகும் நாய் தரையில் பெரிய குளமாக விடும். அடையாளம் வைக்கும் நாய் ஒரு மேசைக்கரண்டி அளவுகூட விடாது. அதுவும் நிற்கும் பொருளின் மேல்தான்: சுவர் மூலை, கதவு நிலை, கட்டில் கால், தொங்கும் புடவை முந்தானை. விடுவதற்கு முன் அந்த இடத்தை நிதானமாக முகர்ந்து பார்க்கும். வெளியே போய்விட்டு வந்த பத்தாவது நிமிடமே வீட்டுக்குள் அடித்து வைத்தால், அது பெரும்பாலும் அடையாளம்தான். அடக்க முடியாமல் போனதில்லை.

குட்டி நடுக்கூடத்தில் குந்திப் போனால் அது வேறு விஷயம். அதற்கு இன்னும் வெளியே போகப் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

நாய் ஏன் இப்படிச் செய்கிறது?

எங்கள் வீராவை வைத்துச் சொல்கிறேன். நாட்டு நாய், ஆண். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு முறை சமையலறையில் கேஸ் சிலிண்டர் மேல் காலைத் தூக்கிவிடும். மற்ற நாட்களில் வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாது. ஒருநாள் சிலிண்டர் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். நேராகச் சிலிண்டரின் அடி வளையத்துக்குப் போனது. மூக்கை ஒட்டவைத்து ஒரு சுற்று சுற்றியது. ஓர் இடத்தில் நின்று நக்கியது, பற்கள் கடகடவென்று மெல்ல அடித்துக்கொண்டன, வாயோரம் லேசாக நுரை கட்டியது. அப்புறம் திரும்பி நின்று காலைத் தூக்கியது.

அந்தச் சிலிண்டர் எத்தனை தெரு வாசலில் நின்று வந்திருக்கும், எத்தனை நாய் அதன் மேல் விட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீரா அதைப் படித்துவிட்டுத் தன் பதிலை எழுதி வைத்தது. நாயின் மேல் முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில் ஒரு சின்னத் திறப்பு இருக்கிறது. அது ஜேக்கப்சன் உறுப்பு என்னும் தனி முகர்வு உறுப்புக்குப் போகிறது. பல் கடகடப்பது மூத்திரத்தில் உள்ள சேதியை அங்கே கொண்டு சேர்க்கும் வேலை. விட்டது ஆணா பெண்ணா, பெண் என்றால் ஹீட்டில் (இனச்சேர்க்கைப் பருவத்தில்) இருக்கிறதா, தெரிந்த நாயா, புது ஆளா என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

நாய் எதன் மேல் விட்டது என்று நாம் பார்க்கிறோம். எதற்குப் பதிலாக விட்டது என்று பார்த்தால்தான் வழி தெரியும். சிலிண்டர் வரும் நாளில் வீராவை ஐந்து நிமிடம் படுக்கையறையில் விட்டு, அடி வளையத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் இப்போது உள்ளே எடுத்து வருகிறோம். அதோடு நின்றுபோனது.

தன் வாசனையும் பிற நாயின் வாசனையும் அதற்கு உண்மையிலேயே பிரித்துத் தெரியுமா?

தெரியும். அமெரிக்காவில் கொலராடோவின் போல்டர் நகரில் மார்க் பெக்காஃப் என்ற ஆய்வாளர் ஐந்து குளிர்காலம் இதைச் சோதித்தார். நாய்கள் மூத்திரம் விட்ட மஞ்சள் பனியை அள்ளி, வேறு இடத்தில் வைத்து, தன் நாய் ஜெத்ரோ என்ன செய்கிறது என்று குறித்துக்கொண்டார். 2001-இல் அது வெளிவந்தது. தன்னுடையதை ஜெத்ரோ சீக்கிரம் கடந்து போனது. மற்ற நாய்களுடையதில் நின்று நிதானித்தது. ஆகவே சோபாவில் உங்கள் நாய் திரும்பத் திரும்ப விடுகிறது என்றால், அங்கே வேறு ஏதோ வாசனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விருந்தாளியின் பேன்ட் கரையில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய மேசைக் காலில், வாசலில் கழற்றிப் போட்ட செருப்பில் ஊரிலுள்ள நாய் வாசனை எல்லாம் வந்து சேரும்.

நான் ஊருக்குப் போய் வந்தால் என் கட்டிலில் அடித்து வைக்கிறது. கோபத்தில் பழிவாங்குகிறதா?

இல்லை. இந்த எண்ணத்தால் அடி வாங்கும் நாய்களை நினைத்தால் மனசு ஆறவில்லை. நீங்கள் இல்லாத நாட்களில் நாய் பதற்றத்தில் இருந்தது. உங்கள் வாசனை அதிகம் உள்ள இடம் உங்கள் கட்டில். அங்கே தன் வாசனையைக் கலந்து வைப்பது அதற்கு ஆறுதல். பெட்டி கட்டுவதைப் பார்த்தாலே சில நாய்கள் பெட்டி மேல் விடுவதும் இதே பதற்றத்தில்தான்.

"தப்பு செஞ்சது அதுக்கே தெரியும், முகத்தைப் பாருங்க" என்பார்கள். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. நாய் உண்மையில் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்ற முகத்துக்கும் சம்பந்தம் இல்லை. வளர்ப்பவர் திட்டியபோதுதான் அந்த முகம் வந்தது. ஒன்றும் செய்யாத நாய்களும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டின. அதாவது, நீங்கள் பார்ப்பது பயம்.

மூக்கை அதில் தேய்த்தால் புத்தி வரும் என்கிறார்களே?

வராது. நீங்கள் இருக்கும்போது விடக்கூடாது என்று மட்டும் கற்றுக்கொள்ளும். அப்புறம் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் தேடித் தேடித் துடைக்க வேண்டியிருக்கும்.

பெட்டை நாயும் அடையாளம் வைக்குமா?

வைக்கும். எங்களிடம் சில வாரம் இருந்த கருப்பி என்ற பெட்டை, பாதி குந்தி, பின்னங்கால் ஒன்றை லேசாகத் தூக்கி, வாசல் மிதியடியில் மட்டும் விடும். ஹீட்டுக்கு வரும் முன் சில நாட்களும் ஹீட்டிலும் பெட்டைகள் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போகும். அது ஆண் நாய்களுக்கான அழைப்பு. பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று வாரம். கருத்தடை செய்தால் இந்த வகை நின்றுவிடும். ஹீட்டோடு சம்பந்தமில்லாமல் வைப்பவையும் சில உண்டு.

எந்த வயதில் தொடங்கும்? சின்ன இன நாய்கள்தான் அதிகம் செய்யுமா?

ஆண் குட்டிகள் பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் காலைத் தூக்கத் தொடங்கும். வெளியே முதல்முறை தூக்கும்போது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுகிறோம். வீட்டுக்குள்ளும் கவனிக்க வேண்டிய காலம் அன்றிலிருந்து ஆரம்பம்.

சின்ன நாய்கள் அதிகம் செய்கின்றன என்பதில் உண்மை இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தினர் காப்பகத்து நாய்களைப் பார்த்தபோது சிறிய நாய்கள் பெரியவற்றைவிட அடிக்கடி அடையாளம் வைத்தன. 2018-இல் வந்த அவர்களது இன்னோர் ஆய்வில், குட்டை நாய்கள் காலை இன்னும் கூடுதலாக உயர்த்தித் தங்கள் உடம்பு அளவுக்கு மீறிய உயரத்தில் விட முயல்வதும் தெரிந்தது. பொமரேனியனோ பக்கோ வைத்திருப்பவர்கள் "சின்னது, கொஞ்சம்தானே விடுது" என்று விட்டுவிடுகிறார்கள். அதுவே பழக்கமாகிவிடுகிறது. ராஜபாளையம் நாய் விட்டால் முதல் நாளே எல்லோரும் எழுந்து நிற்கிறோம்.

எட்டு வயது நாய், இதுவரை வீட்டுக்குள் விட்டதே இல்லை. திடீரென்று தொடங்கிவிட்டது.

இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சியெல்லாம் அப்புறம்.

எங்கள் ராமு பத்து வயதில் இப்படித் தொடங்கியது. வயசான காலத்தில் பிடிவாதம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் திட்டினேன். ஒருநாள் காலை ஆறு மணிக்கு ஊற்றி வைத்த தண்ணீர்க் கிண்ணம் ஏழு மணிக்கு வறண்டு கிடந்தது. மறுபடி ஊற்றினேன், நின்ற நிலையிலேயே குடித்துத் தீர்த்தது. அன்று பரிசோதித்தபோதுதான் சர்க்கரை என்று தெரிந்தது. அந்த இரண்டு வாரமும் அது என்னைப் பார்த்து வாலைக் கால்களுக்கு இடையில் ஒடுக்கிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் மருத்துவர் என்று சொல்கிறேன்.

சிறுநீர்த் தொற்று, சிறுநீரில் கல், சிறுநீரகக் கோளாறு, கருத்தடை செய்யாத வயதான ஆண் நாய்க்குப் புரோஸ்டேட் வீக்கம் என்று காரணங்கள் பல. முக்கி முக்கிப் போவது, சொட்டுச் சொட்டாக வருவது, இரத்தம் கலந்திருப்பது, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருப்பது, தண்ணீர் அதிகம் குடிப்பது எதுவும் அடையாளம் வைப்பதில் சேராது. முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் அது அவசரம். இரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தூங்கும்போது படுத்த இடம் நனைந்திருந்தால், அது தெரிந்து செய்வது இல்லை. கருத்தடை செய்த சில பெட்டைகளுக்குச் சிறுநீர்ப் பை வாய் தளர்ந்து இப்படி ஒழுகும். மருந்தில் கட்டுப்படும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மூத்திரம் குறையட்டும் என்று தண்ணீரைக் குறைப்பது. நம் வெயிலுக்கு அது ஆபத்து.

யாராவது வந்து கொஞ்சினால் குட்டி அங்கேயே விட்டுவிடுகிறது.

அது பணிவு, இல்லை அளவுகடந்த சந்தோஷம். காதை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, சில சமயம் மல்லாந்தே விடும். வந்தவர் குனிந்து தலையில் கை வைக்காமல், கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் உட்காரட்டும். குட்டி தானாக வந்து முகரட்டும். திட்டினால் இன்னும் அதிகமாகும். வளர வளரப் பெரும்பாலானவற்றுக்கு நின்றுவிடும்.

கருத்தடை செய்தால் நின்றுவிடுமா?

பல நாய்களுக்குக் குறையும். எல்லாவற்றுக்கும் நிற்காது. அமெரிக்காவில் 57 ஆண் நாய்களைப் பார்த்த ஓர் ஆய்வு 1997-இல் வந்தது. அடையாளம் வைப்பது 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட நாய்களில் பாதிக்குப் பாதியாவது குறைந்தது. ஏறக்குறைய முழுசாக நின்றவை 25 முதல் 40 சதவீதம். வயதான பிறகு செய்தால் பயனில்லை என்று சொல்வார்கள். அந்த ஆய்வில் வயதோ, எத்தனை நாளாகச் செய்துவந்தது என்பதோ பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ஐந்து வயது நாய்க்கும் செய்யலாம்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஹார்மோன் சீக்கிரம் இறங்கிவிடும், பழக்கம் இறங்கச் சில வாரமோ சில மாதமோ ஆகும். அந்த இடைவெளியில் வீட்டை வாசனை போகச் சுத்தம் செய்வதும் கண்காணிப்பதும் நடந்தால்தான் ஆபரேஷனின் பலன் தெரியும். பதற்றத்தால் விடும் நாய்க்கு ஆபரேஷன் மட்டும் போதாது. பெரிய உடம்பு இனங்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியும் வரை காத்திருப்பது நல்லது; எந்த மாதத்தில் செய்வது என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

இன்னொன்று. "ஒரு தடவை கிராஸ் விட்டால் அடங்கிடும்" என்று பக்கத்து வீட்டில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். கிராஸ் விட்டதால் எந்த நாய்க்கும் இது அடங்குவதில்லை. அப்புறம் பிறக்கும் குட்டிகளுக்கு வீடு தேடுவது எங்களைப் போன்றவர்கள் தலையில்தான் வந்து விழும்.

எதைப் போட்டுத் துடைப்பது? பினாயில் போட்டும் அங்கேயேதான் விடுகிறது.

பினாயில் உங்கள் மூக்குக்கு வாசனையை மூடுகிறது, நாயின் மூக்குக்கு மூடவில்லை. சில நாய்கள் புதிதாக வந்த அந்த நெடிக்கே மேலே ஒரு பதில் விட்டுவிடும். கார நெடி பினாயில் வகைகள் பாதத்திலும் நாக்கிலும் புண் உண்டாக்கவும் கூடும். பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம்: மூத்திரத்திலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணும் தொண்டையும் எரியும் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த தரை கிளீனரும் வேண்டாம், அந்த நெடி மூத்திரத்தையே நினைவுபடுத்தும்.

மூத்திரத்தைச் சிதைத்து வாசனையைப் போக்கும் என்சைம் கிளீனர் என்று செல்லப்பிராணிக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், அதுதான் சரி. முதலில் பழைய துணியை வைத்து அழுத்தி உறிஞ்சி எடுங்கள். தேய்த்தால் பரவும். வெறும் தண்ணீரால் ஒருமுறை துடையுங்கள். பிறகு கிளீனரை நன்றாக நனைய ஊற்றி, பாட்டிலில் சொல்லியிருக்கும் நேரம் வரை விட்டுவிடுங்கள். உடனே துடைத்தால் வேலை செய்யாது. முன்பே பினாயில் போட்ட இடம் என்றால் அதைத் தண்ணீரால் கழுவி எடுத்த பிறகுதான் இது.

வினிகர் கலந்த தண்ணீர் டைல்ஸ் தரைக்கு ஓரளவு உதவும். மார்பிள், மொசைக் தரையில் மட்டும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். புளிப்பு பட்டால் மெருகு போய் வெள்ளையாகத் திட்டு விழும். எங்கள் பழைய வீட்டு மொசைக் தரையில் அப்படி ஒரு திட்டு கடைசி வரை போகவில்லை. கோரைப்பாய், மிதியடி, தலையணையை அலசி நல்ல வெயிலில் இரண்டு நாள் போடுங்கள்.

எங்கே விட்டது என்றே தெரியவில்லையா? நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு சுவரோரம் அடித்துப் பாருங்கள். பழைய தடமும் மங்கலாக ஒளிரும். டைல்ஸ் இடுக்கு, பிளைவுட் அலமாரியின் அடிப்பகுதி இரண்டையும் மறக்காமல் பாருங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறும்போது இந்த இடங்களிலிருந்துதான் வாடை மறுபடி கிளம்பும்.

துடைக்கும்போது கையுறை போடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் மூத்திரம் வழியாகவும் வெளியேறும். அதற்கான தடுப்பூசியை வருடம் தவறாமல் போட்டுவிடுங்கள்.

வாசலில் நீலத் தண்ணீர் பாட்டில் வைத்தால் நாய் விடாதாமே? பாச்சா உருண்டை, மிளகாய்த்தூள்?

சொட்டு நீலம் கலந்த பாட்டிலை எங்கள் தெருவிலேயே நாலு வீட்டு வாசலில் பார்க்கலாம். நீலம் நாய்க்கு நன்றாகவே தெரியும் நிறம்தான். ஆனால் அதைக் கண்டு பயப்பட ஒரு காரணமும் இல்லை. அந்தப் பாட்டில் மேலேயே ஒரு நாய் காலைத் தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன். வைப்பதால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை.

பாச்சா உருண்டை அப்படியில்லை. நாப்தலீன் நாய்க்கு விஷம். ஒன்றை விழுங்கினாலே சின்ன நாய்க்கு உயிராபத்து. கற்பூரமும் விஷம்தான். மிளகாய்த்தூள் மூக்கிலும் கண்ணிலும் எரிச்சல் தரும், அவ்வளவு நுட்பமான மூக்குக்கு அது கொடுமை. தயவுசெய்து எதையும் தூவாதீர்கள்.

சரி, எப்படித்தான் பழக்குவது?

ஒரு மாதம் புதுக் குட்டி வந்ததுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். கண்காணிக்க முடியாத நேரத்தில் வீடு முழுக்கச் சுற்ற விட வேண்டாம். ஓர் அறையில், இல்லை தடுப்புக்குள் இருக்கட்டும். நீங்கள் வேலை செய்யும்போது நீளமான லீஷை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டால் நாய் உங்கள் கண்முன்னேயே இருக்கும். எங்கேயோ போய் விடவும் முடியாது.

அறிகுறியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஓர் இடத்தையே சுற்றிச் சுற்றி முகர்வது, வால் விறைப்பது, உடம்பைப் பக்கவாட்டில் திருப்புவது. அந்தக் கணத்தில் "வீரா, வா" என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டு வெளியே அழைத்துப் போங்கள். கத்த வேண்டாம். வெளியே விட்டதும் அங்கேயே, அந்த நொடியே, ஒரு துண்டு கோழியோ பிஸ்கட்டோ கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குப் பரிசு என்றுதான் அதற்குப் புரியும்.

எப்போதும் விடும் மூலையை நன்றாகச் சுத்தம் செய்த பிறகு அங்கே சாப்பாட்டுத் தட்டை வையுங்கள், இல்லை அதன் படுக்கையைப் போடுங்கள். சாப்பிடும் இடத்தில் நாய் விட விரும்பாது. இடம் ஒன்றிரண்டாக இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். பத்து இடம் என்றால் செய்யாது.

கேட்டுக்கு வெளியே தெருநாய்கள் வந்து போகின்றன. உள்ளே எங்கள் நாய் கதவிலேயே அடிக்கிறது.

இது அதிகம் வரும் கேள்வி. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை இன்னும் அதிகம், தெருநாய்களுக்கு இனச்சேர்க்கைக் காலம் அது. வெளியே ஒரு நாய் கேட் தூணில் விட்டுப் போகும். உங்கள் நாய் அதற்கு உள்ளிருந்து பதில் வைக்கும். அது மறுபடி வரும். இரண்டு பக்கமும் நிற்காது.

கேட் தூணையும் வாசல் படியையும் வெளிப்பக்கம் தினமும் காலையில் கழுவிவிடுங்கள். வாசல் தெளிக்கும்போதே செய்துவிடலாம். கம்பிக் கேட்டின் கீழ்ப் பாதிக்கு ஒரு தகடோ பாயோ அடித்து மறைத்தால் பார்ப்பதும் குரைப்பதும் குறையும். தெருநாயை அடித்து விரட்டிப் பயனில்லை, இடத்துக்கு வேறொன்று வரும். உங்கள் பகுதி நாய்களுக்குக் கருத்தடை நடக்க உள்ளாட்சியில் சொல்லுங்கள்.

இரண்டாவது நாய் வாங்கியதும் முதல் நாய் தொடங்கிவிட்டது. குழந்தை பிறக்கப் போகும் வீட்டிலும் இப்படி நடக்குமா?

நடக்கும். புது ஆள் வந்தால் வீட்டின் வாசனையே மாறிவிடுகிறது. இரண்டு நாய்களுக்கும் தனித் தட்டு, தனிப் படுக்கை, ஒவ்வொன்றோடும் தனியாகக் கொஞ்ச நேரம் என்று இருந்தால் பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கும்.

குழந்தை விஷயத்தில் முன்கூட்டியே தொடங்குங்கள். தூளி, பவுடர், புதுத் துணி எல்லாவற்றையும் பிறப்பதற்கு முன்பே நாய் முகர்ந்து பழகட்டும். மருத்துவமனையிலிருந்து குழந்தையைச் சுற்றிய துணியை ஒருவர் முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்து, நாய் தள்ளி நின்று முகர விட்டு, பாராட்டிச் சாப்பிடக் கொடுக்கலாம். குழந்தை வந்ததும் பெரியவர்கள் நாயை மாடியில் கட்டிப் போடச் சொல்வார்கள். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். திடீரென்று மாடிக்குப் போன நாய் கீழே வரும்போதெல்லாம் விடத்தான் செய்யும். குழந்தையோடு நாயைத் தனியே விடாமல் இருந்தால் போதும்.

வயிற்றில் கட்டும் பட்டி விற்கிறார்களே, கட்டலாமா?

ஆண் நாய்க்குக் கட்டலாம், உறவினர் வீட்டுக்குப் போகும்போது உதவும். அது பழக்கத்தை மாற்றாது, சோபாவை மட்டும் காப்பாற்றும். நனைந்ததும் மாற்றுங்கள். ஈரத்தோடு விட்டால் நம் புழுக்கத்தில் ஒரே நாளில் தோல் சிவந்துவிடும். ராத்திரி கழற்றிவிடுங்கள்.

வாக்கிங்கில் ஒவ்வொரு கம்பத்திலும் நிற்கிறது. பக்கத்து வீட்டு வண்டி டயரில் விட்டுச் சண்டை வருகிறது.

முகரவும் வேண்டும், கொஞ்சம் விடவும் வேண்டும். அதற்கான இடம் வெளியேதான். முகர விடாமல் இழுத்துக்கொண்டு ஓடினால் நாய் மிச்சத்தை வீட்டில் வைக்கும். ஆனால் எங்கே என்று நீங்கள் முடிவு செய்யலாம். வீட்டை விட்டுக் கிளம்பியதும் லீஷைக் குட்டையாகப் பிடித்து நேராகக் காலிமனை ஓரமோ மரத்தடியோ கூட்டிப் போங்கள். அங்கே லீஷைத் தளர்த்தி "போ" என்று சொல்லுங்கள். ஒரு வாரத்தில் அந்தச் சொல்லுக்குப் பழகிவிடும்.

டயர் மேல் நாய்க்கு ஏன் இவ்வளவு ஆசை என்றால், அது ஊர் முழுக்க உருண்டு வந்த பொருள். சிலிண்டர் கதைதான். அடுத்தவர் வண்டி, கடை ஷட்டர், கோலம் போட்ட வாசல் பக்கம் விடக்கூடாது. தவறி விட்டுவிட்டால் ஊற்ற ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும். எதிர்வீட்டு அக்கா கண்முன்னே நான் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கிய பிறகு, அவரே வீராவுக்குப் பொறை வாங்கிப் போடுகிறார். அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் லிஃப்டில் நாயை மூலையில் நிறுத்தாமல் நடுவில் நிறுத்துங்கள்.

தீபாவளிக்கு வீடு முழுக்க விட்டுவிடுகிறது.

வெடிச் சத்தப் பயத்தில் அடக்கம் போய்விடுகிறது, அடையாளம் இல்லை. இருட்டுவதற்கு முன்பே வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். ஜன்னல் அடைத்த அறையில், ஃபேன் சத்தத்தில், கூட ஒருவர் இருங்கள்.

எத்தனை நாளில் நிற்கும்? எதுவும் பலிக்கவில்லை என்றால்?

மாதக் காலண்டர் ஒன்றைச் சமையலறையில் மாட்டுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், அன்று வீட்டில் புதிதாக என்ன நடந்தது என்று கட்டத்துக்குள் ஒரு வரி எழுதுங்கள். மூன்று மாதக் காலண்டரைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோதுதான், வீரா விட்ட ஒவ்வொரு தேதியின் கட்டத்திலும் சிலிண்டர் வந்தது என்று எழுதியிருந்தது என் கண்ணில் பட்டது.

காரணம் ஒன்றே ஒன்றாக இருந்தால் ஓரிரு வாரத்தில் நிற்கும். வருடக்கணக்கான பழக்கம் என்றால் இரண்டு மூன்று மாதம் ஆகும். நடுவில் ஒருநாள் மறுபடி விட்டால் முழுசும் வீண் என்று நினைக்க வேண்டாம். வாரத்துக்கு ஏழு இருந்தது இரண்டாகக் குறைந்திருக்கிறதா என்று காலண்டர் சொல்லும். குறையவே இல்லை என்றால் அந்தக் காலண்டரையே கழற்றி மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். பதற்றம் அதிகமுள்ள நாய்களுக்கு அவர் மருந்து எழுதித் தரலாம். நீங்களாக எந்த மனித மாத்திரையும் கொடுக்காதீர்கள்.